விலைக்கு வாங்க முடியாத ப்ராஜெக்ட்

கேள்வி: வணக்கம் சார். நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இந்த வருடம் இறுதியாண்டு ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். 62 பேர், 16 குழுக்கள். போன வருடம் நடந்ததை நினைத்தால் பயமாக இருக்கிறது. பாதிக் குழுக்களாவது ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி வந்தவை. முகத்தைப் பார்த்து அட்டென்டன்ஸ் போடும் ப்ராஜெக்ட் ஒன்றே மூன்று குழுக்களிடம் இருந்தது. இன்னொரு குழுவில் ஒரு பெண் மட்டும் ராப்பகலாக உழைத்தாள். நாலு பேருக்கும் ஒரே மார்க். நிஜமான ஆட்களுக்குச் செய்து கொடுக்கலாம் என்று ஒரு குழுவை ஒரு மாணவனின் மாமா கடைக்கு அனுப்பினோம். அவர் முதலில் வெப்சைட் வேண்டும் என்றார், பிறகு ஆப் வேண்டும் என்றார், கடைசியில் போனையே எடுக்கவில்லை. டைட்டில் புதுமையாக இருக்க வேண்டும், பேப்பர் பப்ளிஷ் ஆக வேண்டும் என்கிறார் எச்ஓடி (துறைத் தலைவர்). இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. சென்டருக்குப் போக மாட்டோம் என்று பிள்ளைகளிடம் எழுதி வாங்கிவிடலாமா? மார்க்கை எப்படிப் பிரிப்பது? எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள மேடம்,

எழுதி வாங்க வேண்டாம். ராகிங் செய்ய மாட்டேன் என்பதில் தொடங்கி, சேர்ந்த நாளிலிருந்து கையெழுத்துப் போட்டே பழகிய பிள்ளைகள் அவர்கள். இதற்கும் போடுவார்கள். போட்டுவிட்டு சாயங்கால பஸ்ஸில் சென்டருக்குத்தான் போவார்கள்.

உங்கள் கடிதத்தில் உள்ள பிரச்சினைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருவதாக எனக்குப் படுகிறது. நாம் மாணவர்களிடம் கேட்பது என்ன? ஒரு டைட்டில். ஒரு பேஸ் பேப்பர், அதாவது அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் ஆய்வுக் கட்டுரை. ஒரு அப்ஸ்ட்ராக்ட். அறுபது பக்கத்துக்குக் குறையாத ரிப்போர்ட், அதற்குப் பொன்னெழுத்து பைண்டிங். கடைசி நாளில் பத்து நிமிட டெமோ. இவை எல்லாமே முன்கூட்டிச் செய்து அலமாரியில் அடுக்கி வைக்கக்கூடியவை. அப்படி அடுக்கி வைக்கக்கூடிய ஒன்றை ஊரிலுள்ள அத்தனை கல்லூரிகளும் ஒரே மாதத்தில் கேட்டால், அதை விற்க யாராவது கடை திறக்கத்தான் செய்வார்கள். கடைக்காரர் மேல் கோபப்பட்டு ஆவதொன்றும் இல்லை. அவரால் ஸ்டாக் வைக்க முடியாத ஒன்றைக் கேளுங்கள்.

அவரால் ஸ்டாக் வைக்க முடியாதவை இரண்டு. ஒன்று, குலசேகரத்திலோ தக்கலையிலோ இருக்கிற ஒரு குறிப்பிட்ட மனிதரின் குறிப்பிட்ட தலைவலி. மற்றது, பாதி வழியில் அந்த மனிதர் வந்து சொல்லும் ஒரு மாற்றம். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்த்த வருடங்களில் என் சம்பளத்தின் பெரும்பகுதி இந்த இரண்டாவது விஷயத்துக்குத்தான் வந்தது என்று சொல்லலாம். புதிதாக ஒன்றைக் கட்டியதைவிட, கட்டியதை மாற்றியதே அதிகம். பிறகு கல்லூரிகளுக்கு வெளி மதிப்பீட்டாளராகப் போகத் தொடங்கியபோது எனக்கு வியப்பாக இருந்தது இதுதான்: நான்கு வருடப் படிப்பில் எந்த இடத்திலும், எழுதிய நிரலை, அதாவது கோட்-ஐ, மாற்றச் சொல்லி யாரும் இந்தப் பிள்ளைகளிடம் கேட்டதே இல்லை.

மாமா கடை விஷயத்துக்கு முதலில் வருகிறேன். அங்கே மாமா மேல் தப்பில்லை. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு யாராக இருந்தாலும் தான் கேள்விப்பட்ட பெயரைத்தான் சொல்வார்கள்: வெப்சைட், ஆப். கேட்க வேண்டிய கேள்வி வேறு. "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்ன செய்தீர்கள்? எந்த நோட்டில் எழுதினீர்கள்? அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்." நோட்டைப் பார்க்காமல் எந்தக் குழுவும் டைட்டில் வைக்கக் கூடாது என்று ஒரு விதி போடுங்கள். முதல் ரிவ்யூவுக்கு முன்பு ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு பக்கம் எழுதித் தரட்டும். அதில் மென்பொருள் பற்றி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. யார் அந்த ஆள், இப்போது வேலையை எப்படிச் செய்கிறார், எந்த இடத்தில் சிக்குகிறது, சிக்கல் தீர்ந்தது என்று அவருக்கு எதை வைத்துத் தெரியும். அவ்வளவுதான். இந்த ஒரு பக்கத்தைச் சென்டரில் எழுதித் தர மாட்டார்கள். அவர்களுக்கு அந்த ஆளைத் தெரியாது.

நம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்கும் வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாலை அளந்து, அதில் எத்தனை சதவீதம் உலர்ந்த ரப்பர் இருக்கிறது என்று பார்த்து, அதற்குத்தான் விலை. நூறு கிலோ பாலில் 35 சதவீதம் என்றால் 35 கிலோவுக்குக் காசு. விவசாயி ஒவ்வொருவருக்கும் நாள்வாரியாக இந்தக் கணக்கு நோட்டில் ஏறும், அன்றைய விலையும் மாறிக்கொண்டே இருக்கும். தோவாளைப் பூச்சந்தையில் காலை விலை வேறு, கொஞ்ச நேரம் கழித்து விலை வேறு. கடற்கரை ஊர்களில் படகு கரைக்கு வந்தால் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து மீதியை உரிமையாளருக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு வைக்க வேண்டும். அந்தப் பங்குக் கணக்கில் வராத சண்டையா? இவற்றில் ஒன்றைச் சரியாகச் செய்து கொடுத்தாலே நாலு பேருக்கு ஒரு பருவம் முழுவதும் வேலை இருக்கிறது.

வெளியில் போக முடியாத குழுக்களுக்குக் கல்லூரிக்குள்ளேயே ஆள் இருக்கிறார். உங்கள் எக்ஸாம் செல்லில் இன்விஜிலேஷன் டியூட்டி லிஸ்ட் போடும் ஊழியரிடம் போய் உட்காருங்கள். யார் லீவு, யாருக்கு ஏற்கெனவே எத்தனை டியூட்டி, யார் யாரோடு மாற்றிக்கொண்டார்கள் என்று எக்செல்லில் அவர் படும் பாட்டைப் பார்த்தால் டைட்டில் தானாக வரும். பஸ் ரூட், ஹாஸ்டல் மெஸ் கணக்கு, லேப் சாமான் இருப்பு எல்லாம் இந்த ரகம்தான். உங்கள் முதல் வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட குழுக்களைக் கேம்பஸுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. ஆள் தினமும் கண்ணில் படுவார். போனை எடுக்காமல் இருக்க முடியாது.

ஒரு வகையை மட்டும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்த பிறகு, நம் பக்கத்துக் கல்லூரிகளில் மீனவர் எச்சரிக்கை ஆப் ஒரு நிரந்தர டைட்டில் ஆகிவிட்டது. பிள்ளைகளின் மனசு நல்லதுதான். ஆனால் தூத்தூர், வள்ளவிளைப் பகுதிப் படகுகள் அரபிக்கடலில் நூற்றுக்கணக்கான கடல் மைல் தள்ளிப்போய் வாரக்கணக்கில் தங்குபவை. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதுமே செல்போன் டவர் விட்டுவிடும். அங்கே வேலை செய்ய வேண்டுமென்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போக வேண்டும். 2019-ல் அறிமுகமான ஜெமினி கருவி அப்படிப்பட்டதுதான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையத்தின் எச்சரிக்கைகளை அது படகுக்குக் கொண்டுபோகிறது. லேப்பில் வைஃபையில் ஓடும் டெமோவைக் காட்டி ஒருவருக்கு உயிர் நம்பிக்கை கொடுக்கக் கூடாது. பொதுவாகவே, மென்பொருள் நின்றுபோனால் யாருக்கும் உயிரோ பிழைப்போ போகாத இடமாகப் பாருங்கள். மறுபடி நோட்டை எடுத்து எழுதிக்கொள்ளலாம் என்ற நிலை இருக்க வேண்டும்.

ஆளைப் பிடித்த பிறகு அவரிடம் ஒரு பக்க ஒப்புதல். இது மாணவர் வேலை, முடியாமலும் போகலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் தர வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது, சர்வருக்கு யார் பணம் கட்டுவது என்பதை அப்போதே எழுதிவிடுங்கள். அவருடைய வாடிக்கையாளர்களின் உண்மையான ஆதார் எண், மருத்துவ விவரம் எதுவும் மாணவர் லேப்டாப்பில் ஏறக் கூடாது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. பெயர்களை மாற்றிய போலித் தரவு போதும்.

இனி நேரம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எட்டாம் பருவ ப்ராஜெக்ட்டுக்கு 10 கிரெடிட், வாரம் 20 மணி நேரம். உங்கள் கல்லூரியின் பாடத்திட்டம் தனி என்றாலும் இதற்கு ரொம்ப விலகி இருக்காது. பதினைந்து வாரம் என்று வைத்தால் ஒருவருக்கு 300 மணி, நாலு பேருக்கு 1,200 மணி நேரம். இது சின்ன நேரமில்லை. ஆனால் அந்த 20 மணி நேரமும் டைம்டேபிளில் பெயருக்குத்தான் இருக்கும். பிளேஸ்மென்ட் பயிற்சி, சிம்போசியம், யாராவது லீவு போட்ட வகுப்பு எல்லாம் அதற்குள்தான் புகும். ஹாஸ்டல் பெண்களுக்குச் சாயங்காலம் கேட் பூட்டினால் குழுவோடு உட்கார வேறு நேரமே கிடையாது. அதனால் எச்ஓடியிடம் நீங்கள் சண்டை போட வேண்டிய ஒரே விஷயம் இந்த மணிநேரம்தான். பேப்பருக்கும் டைட்டிலுக்கும் சண்டை போட்டுச் சக்தியை வீணாக்காதீர்கள்.

காலண்டரையும் நம் ஊர்க் காலண்டராகப் பாருங்கள். ஆள் தேடுவதையும் நோட்டைப் பார்ப்பதையும் ஏழாம் பருவத்திலேயே, கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த கையோடு தொடங்கிவிட வேண்டும். ஜனவரியில் பொங்கல் லீவு போய்விடும். மாசியில் மண்டைக்காடு அம்மன் கோவில் கொடை விழா, உள்ளூர் விடுமுறை. அதற்குப் பிறகு மாடல் எக்ஸாம் பேச்சு வந்துவிடும். நிஜமான வேலை நடக்கப்போவது பொங்கலுக்கும் கொடைக்கும் இடைப்பட்ட வாரங்களில்தான். இரண்டாம் ரிவ்யூவைக் கொடைக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வைக்காதீர்கள்.

நான்காம் வாரத்தில் ஓடுகிற ஏதாவது ஒன்று கண்ணில் பட வேண்டும். ரப்பர் கணக்கு என்றால், ஒரு விவசாயியின் ஒரு நாள் பால் உள்ளே போய், சேமிக்கப்பட்டு, ரூபாயாக வெளியே வர வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கட்டும். நம் பிள்ளைகள் எல்லாரும் முதல் மாதம் என்ன செய்வார்கள் தெரியுமா? லாகின் பேஜ். அதற்கு ஒரு பேக்கிரவுண்ட் படம். பாஸ்வேர்டு மறந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம். உள்ளே ஒன்றும் இருக்காது. நான் கோஆர்டினேட்டராக இருந்தால் இரண்டாம் ரிவ்யூ வரை லாகின் பேஜுக்குத் தடை போட்டுவிடுவேன். இது கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தோன்றலாம். செய்து பாருங்கள், முதல் மாதத்திலேயே வித்தியாசம் தெரியும்.

இப்போது முக்கியமான இடம்: மாற்றம். எட்டாம் வாரம் போல ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாற்றக் கோரிக்கை வர வேண்டும், அந்த ஆளிடமிருந்து. அவருக்கே ஒன்று தோன்றாவிட்டால் நீங்கள் அவரோடு பேசி ஒன்றை எடுத்துக் கொடுங்கள். எதை மாற்றச் சொல்வது என்பதில்தான் உங்கள் திறமை இருக்கிறது. கலரை மாற்று, ரிப்போர்ட்டில் லோகோ போடு என்பதெல்லாம் மாற்றமே இல்லை. அடியில் இருக்கும் ஒரு அனுமானத்தை உடைக்க வேண்டும், ஆனால் கட்டிடமே இடிந்துவிடக் கூடாது.

ரப்பர் வியாபாரியையே வைத்துப் பார்ப்போம். பிள்ளைகள் என்ன நினைத்துக் கட்டியிருப்பார்கள்? வாரா வாரம் பால் வரும், வாரக் கடைசியில் கணக்கு முடியும், பூஜ்யத்துக்கு வரும். இப்போது வியாபாரி சொல்கிறார்: "மழை பிடித்தால் பால்வெட்டு நின்றுவிடும். அந்த நாட்களில் ஆட்கள் என்னிடம் முன்பணம் வாங்குவார்கள். வெட்டுத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பேன். அது இதில் எங்கே?" முடிந்தது. வாரம் என்ற அலகே உடைந்துவிட்டது. விவசாயி ஒவ்வொருவருக்கும் ஒரு தொடர் இருப்பு வேண்டும்; தரவுகளைச் சேமிக்கும் டேபிள் அமைப்பு மாற வேண்டும்; பழைய பதிவுகளை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். தாமே எழுதிய குழு ஒரு நாள் தலையில் கை வைத்து உட்காரும், பிறகு இரண்டு வாரத்தில் எழுந்துவிடும். வாங்கிய குழு சென்டருக்கு ஓடும். அங்கே மறுபடி பணம் கேட்பார்கள், அடுத்த வாரம் இன்னொரு கேள்வி வரும், மறுபடி ஓட வேண்டும். அதைவிடத் தாமே செய்வது சுலபம் என்ற முடிவுக்கு அவர்களே வந்துவிடுவார்கள். யாரையும் பிடித்து விசாரிக்க வேண்டியதில்லை.

இதே யோசனையின் சின்ன வடிவத்தை ஒவ்வொரு ரிவ்யூவிலும் வையுங்கள். டெமோ முடிந்ததும் குழுவில் ஒருவரை நீங்கள் தேர்ந்தெடுங்கள், அவர்களாக அனுப்புபவரை வேண்டாம். அரை மணி நேரம், ஒரு சின்ன மாற்றம்: தசம இடத்தை இரண்டாக்கு, ஒரே விவசாயி ஒரே நாளில் இரண்டு முறை பால் கொண்டுவந்தால் என்ன ஆகிறது என்று காட்டு, இந்தக் கணக்கு தப்பு என்று தெரிய ஒரு சோதனை எழுது. பிபிடி வேண்டாம். கோட் திறந்திருக்கட்டும். எங்கே போய் மாற்ற வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டாலே பாதி மார்க். தடுமாறினாலும், தப்பு எங்கே என்று சொல்லத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம். எக்ஸ்டர்னல் வைவாவில் இதையே கேட்கச் சொல்லி வெளி மதிப்பீட்டாளரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். பலருக்கு இதில் சந்தோஷம்தான். ஒரே மாதிரி பிபிடிகளை நாள் முழுக்கப் பார்ப்பது அவர்களுக்கும் அலுப்பு.

ஏஐ பற்றிக் கேட்டீர்கள். தடை போட முடியாது, போடவும் வேண்டாம். டெக்னோபார்க்கில் இருப்பவர்களும் இன்று அதை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். எதற்குப் பயன்படுத்தினோம் என்று வாரக் குறிப்பில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், போதும். மற்றபடி மேலே சொன்ன அரை மணி நேரச் சோதனை இதையும் பார்த்துக்கொள்ளும். யார் எழுதிய கோட் என்பது இரண்டாவது. இதற்கு இவர்கள் பொறுப்பா என்பதுதான் கேள்வி. எழுதிக் கொடுத்தது சென்டராக இருந்தாலும் இயந்திரமாக இருந்தாலும், புரியாத ஒன்றை மாற்றச் சொன்னால் கை நின்றுவிடும்.

மார்க் பிரிப்பது. இங்கே எளிய ஒரு முறை சொல்கிறேன், பல கல்லூரிகள் இதை ஏதோ ஒரு வடிவில் செய்கின்றன. குழுவுக்கு ஒரு மார்க் போடுங்கள், உதாரணமாக 60-க்கு 42. பிறகு ஒவ்வொரு மாணவரும் தன்னை விட்டுவிட்டு மற்ற மூவருக்கும் 30 புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்கட்டும். ரகசியமாக, ஏன் அப்படி என்று ஒரு வரிக் காரணத்தோடு. எல்லாரும் சமமாக உழைத்திருந்தால் ஒருவருக்கு மொத்தம் 30 வரும். ராப்பகலாக உழைத்த அந்தப் பெண்ணுக்கு 14, 13, 13 என்று 40 வரலாம், வகுத்தால் 1.33. அதை அப்படியே பெருக்கினால் நல்ல மார்க் வாங்கிய குழுவில் 60-ஐத் தாண்டிவிடும் என்பதால் 1.15-க்கு மேல் போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு 48. வெறுமனே கூட நின்ற பையனுக்கு 5, 6, 7 என்று 18 வந்தால் 0.6. அவனுக்கு 25. மூன்று பேர் குழுவுக்கு ஆளுக்கு 20 புள்ளி கொடுங்கள், மற்ற கணக்கு அதேதான். சமமாக வந்தால் மொத்தம் 20.

இந்த எண்ணை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். நண்பர்கள் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்குப் பத்து என்று சமமாகப் போடுவார்கள், பிடிக்காதவனைத் தள்ளுவார்கள். ஒரு பெண் மூன்று பையன்கள் உள்ள குழுவில், டாக்குமென்ட் வேலை முழுவதும் அவள் தலையில் விழுந்திருக்கும், பிறகு கோட் எழுதவில்லை என்று குறைத்துப் போடுவார்கள். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் பருவத்துக்கு இரண்டு முறை நடத்துங்கள். முதல் முறை மார்க் கிடையாது. எண் கோணலாக வந்த குழுவைக் கூப்பிட்டுப் பேச மட்டும். பாதி வழியிலேயே தெரிந்தால் சரிசெய்ய நேரம் இருக்கும். மே மாதம் தெரிந்து ஒரு பயனும் இல்லை.

கிட் (Git) என்ற, கோட் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவியைக் கட்டாயமாக்குங்கள். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதியது; எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று சொல்லிவிடும். வாரா வாரம் வரலாறு வளர்ந்திருக்கிறதா, அல்லது ஏப்ரல் ஒரு நாளில் மொத்தமும் ஒரே கமிட்டில் (ஒரே பதிவில்) வந்து விழுந்திருக்கிறதா என்பதைப் பார்த்தாலே சென்டர் சரக்கு தெரிந்துவிடும். ஆனால் கமிட் எண்ணிக்கையை மார்க்காக்காதீர்கள். நாலு பேருக்கு ஒரே நல்ல லேப்டாப் இருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் உண்டு. எல்லாம் ஒருவன் பெயரில் ஏறும். எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் ஒரு கமாவுக்கு ஒரு கமிட் போடவும் ஆள் இருக்கிறான்.

தடுமாறும் குழுவைக் காப்பாற்ற நல்ல மாணவர் ஒருவரை நடுவில் அங்கே மாற்றிப் போடுவது கோஆர்டினேட்டர்கள் எல்லாருக்கும் வரும் ஆசை. ஐபிஎம்மில் சிஸ்டம்/360 இயங்குதளப் பணியை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே சொன்னதுதான்: தாமதமாகிவிட்ட மென்பொருள் பணியில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். வந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே இருப்பவர்களின் நேரம் போய்விடும். ஆளைச் சேர்ப்பதற்குப் பதில் வேலையை வெட்டுங்கள். முன்பணம் மட்டும் போதும், விலை நிலவரம் வேண்டாம் என்று அந்த ஆளிடம் பேசிக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படிப் பேசிக் குறைக்கத் தெரிவதும் இந்தப் பாடத்தில் ஒரு பகுதிதான், மார்க் உண்டு.

கைடுகளில் சிலர் தயங்குவார்கள்: "எனக்கு ஆப் செய்யும் ஃப்ளட்டர் தெரியாது, நான் எப்படி வழிகாட்ட?" தெரிய வேண்டியதில்லை. வாரம் இருபது நிமிடம். போன வாரம் என்ன ஓடியது, காட்டு. அடுத்த வாரம் எது ஓடும்? இடையில் எது தடுக்கிறது? இந்த மூன்றையும் விடாமல் கேட்கிற தெர்மோடைனமிக்ஸ் வாத்தியார்கூட நல்ல கைடாக இருப்பார்.

டைட்டில் புதுமை பற்றி. "இது போன வருடமே செய்தாகிவிட்டது" என்று சொல்லித் தள்ளும் பழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. இதனால் என்ன ஆகிறது என்றால், ஜூனில் பேட்ச் வெளியேறிய அன்றே ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் செத்துவிடுகிறது. வியாபாரி பழையபடி நோட்டுக்குத் திரும்புகிறார். அடுத்த வருடம் உங்கள் பிள்ளைகள் போய் நின்றால், "போன வருடம் வந்தவர்களும் இப்படித்தான் சொன்னார்கள்" என்பார். மாமா போன் எடுக்காததன் இன்னொரு காரணமும் இதுவாக இருக்கலாம். சீனியர் விட்டுப்போன கோட்-ஐ எடுத்து, புரிந்துகொண்டு, சரிசெய்து, மேலே ஒன்றைச் சேர்ப்பதை முழு ப்ராஜெக்ட்டாக அனுமதியுங்கள். வேலைக்குப் போனால் முதல் இரண்டு வருடம் அதைத்தான் செய்யப்போகிறார்கள். ஆராய்ச்சி ஆசை உள்ள ஒன்றிரண்டு குழுக்கள் இருந்தால், வெளியான ஒரு பேப்பரின் முடிவு நம் தரவில் வருகிறதா என்று திரும்பச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழுதட்டும். காசு கட்டினால் மூன்று நாளில் பிரசுரிக்கும் ஜர்னலில் பேர் வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

எச்ஓடியிடம் இதை எப்படிச் சொல்வது? என்பிஏ, அதாவது பொறியியல் படிப்புகளுக்குத் தரச் சான்று தரும் தேசிய வாரியம், என்று சொல்லுங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-ல் முழு உறுப்பினரானதிலிருந்து, குழுவாக வேலை செய்யத் தெரியுமா, திட்டத்தை நிர்வகிக்கத் தெரியுமா, சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியுமா என்பதற்கெல்லாம் கல்லூரி ஆதாரம் காட்ட வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கோப்புகள் விசிட்டுக்கு முந்தைய ராத்திரிதான் தயாராகின்றன. உங்களிடம் ஆளின் ஒப்புதல், வாரக் குறிப்பு, மாற்றக் கோரிக்கை, புள்ளிப் பங்கீடு, கிட் வரலாறு எல்லாம் தேதியோடு இருக்கும். அவருக்கு அது பேப்பரைவிடப் பெரிய நிம்மதி.

பதினாறு குழுவையும் முதல் வருடமே இப்படி மாற்ற வேண்டாம். நாலைந்து குழுவுக்கு வெளி ஆள், மற்றவர்களுக்குக் கேம்பஸ் ஆள்; மாற்றக் கோரிக்கையும் அரை மணி நேரச் சோதனையும் மட்டும் எல்லாருக்கும். எச்ஓடி எல்லாவற்றுக்கும் தலையாட்டாமல் ஒன்றே ஒன்று தருகிறேன் என்றால், வாரத்தில் இரண்டு மதியங்களை எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் பயிற்சியும் மாற்று வகுப்பும் புகாத மதியங்கள், ஹாஸ்டல் பிள்ளைகளும் உட்காரக்கூடிய நேரம், லேப் திறந்திருக்க வேண்டும்.